தீவைப் பார்க்கப் போகலாம்... அடக்கி வைக்காமல்!

அரைப்பரீட்சை லீவு வந்துவிட்டால் போதும், நம் கொங்கு நாட்டு வீடுகளில் ஒரே பேச்சுதான். "எங்காச்சும் ஒரு நாள் போயிட்டு வரலாமுங்க!" ஊட்டியும் டாப்ஸ்லிப்பும் பார்த்துச் சலித்தவர்களுக்கு இன்னொரு நல்ல இடம் இருக்கிறது. அதுதான் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் பக்கத்தில், காவிரி ஆற்றின் நடுவே இருக்கும் ரங்கனதிட்டு பறவைகள் சரணாலயம்.

சின்னச் சின்னத் தீவுகள், அவற்றில் மரம் கொள்ளாத அளவு பறவைகள், பாறை மேல் வெயில் காயும் முதலைகள்! படகில் உட்கார்ந்தபடியே அத்தனையும் பார்க்கலாம். குழந்தைகளுக்கு ஒரு நாள் பாடம், பெரியவர்களுக்கு ஒரு நாள் ஓய்வு.

ஆனால் இப்படி ஒரு நாள் போய் வந்தவர்களில் சிலர் மறுநாளோ அதற்கடுத்த நாளோ வைத்தியரிடம் வந்து நிற்கிறார்கள். "நீர் போனா எரியுதுங்க", "அடிவயிறு பிடிச்சு இழுக்குதுங்க", "குளிர் காய்ச்சலுங்க." பெரும்பாலும் பெண்கள். அன்றைக்கு எவ்வளவு தண்ணீர் குடித்தீர்கள் என்று கேட்டால், "போற வழியில எங்கீங்க எறங்கறது? அதனால குடிக்கவேயில்லீங்க!" என்று பதில் வரும். நோயின் மூலம் இந்தப் பதிலிலேயே இருக்கிறது.

பதினான்கு வேகங்கள்

உடம்பு தானாக வெளிப்படுத்தும் 14 உந்துதல்களைச் சித்த மருத்துவம் 'வேகங்கள்' என்கிறது. அபான வாயு, தும்மல், சிறுநீர், மலம், கொட்டாவி, பசி, தாகம், இருமல், இளைப்பு, தூக்கம், வாந்தி, கண்ணீர், விந்து, சுவாசம் ஆகியவையே அவை. இவற்றை வலுக்கட்டாயமாக அடக்கக் கூடாது, அடக்கினால் ஒவ்வொன்றும் ஒரு நோய்க்கு வழிவிடும் என்பது நம் முன்னோர் வகுத்த விதி. சிறுநீரை அடக்கினால் நீரடைப்பும் நீர்த்தாரையில் புண்ணும் வரும், மூட்டுச் சந்துகள் நோகும் என்று மூல நூல்கள் சொல்கின்றன.

வீட்டில் இருக்கும்போது இந்த விதியை நாம் அறியாமலேயே காப்பாற்றுகிறோம். பயணத்தன்றுதான் மொத்தமாக மீறுகிறோம். சிறுநீர், தாகம், பசி, தூக்கம், வாந்தி என்று ஐந்தாறு வேகங்களை ஒரே நாளில் அடக்குகிறோம். ஒரு நாள்தானே என்று நினைப்பது தப்பு!

சிறுநீரும் தாகமும்

நம் சிறுநீரகங்கள் ஒரு நாளைக்குச் சுமார் ஒன்றரை லிட்டர் சிறுநீரைப் பிரிக்கின்றன. மணிக்கு 60 மில்லி என்று வைத்துக் கொள்ளுங்கள். சிறுநீர்ப்பையில் 150 முதல் 200 மில்லி சேர்ந்ததும் 'போகணும்' என்ற முதல் உணர்வு வரும். 400, 500 மில்லி ஆகும்போது தாங்க முடியாது. ஆக, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை போவதுதான் இயற்கை. மார்கழிக் குளிரில் வியர்வை குறைவதால் இன்னும் சீக்கிரமே உணர்வு வரும்.

சிறுநீர் அவ்வப்போது வெளியேறும்போது உள்ளே நுழைந்த கிருமிகளையும் அடித்துக்கொண்டு போய்விடும். தேங்கினால் அவை பெருகும். பெண்களுக்குச் சிறுநீர்த்தாரையின் நீளமே சுமார் 4 சென்டிமீட்டர்தான். கிருமி சிறுநீர்ப்பைக்குப் போய்ச் சேர அது ரொம்பக் குறுகிய தூரம். தண்ணீர் குடிக்காமலும் இருந்து, வந்ததையும் அடக்கினால் கேட்கவே வேண்டாம். கர்ப்பிணிகளும் சர்க்கரை நோய் உள்ளவர்களும் இதில் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும்.

வயதான ஆண்களின் கஷ்டம் வேறு விதம். புராஸ்டேட் சுரப்பி வீங்கி இருந்தால், ரொம்ப நேரம் அடக்கிய பிறகு போக நினைத்தாலும் நீர் இறங்காமல் அடைத்துக் கொள்ளலாம். அப்படி ஆனால் கை வைத்தியம் வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிதான்.

வழியைப் பிரித்துக் கொள்ளுங்கள்

கோவையிலிருந்து அன்னூர், சத்தியமங்கலம், பண்ணாரி, திம்பம், ஆசனூர், சாமராஜநகர், நஞ்சன்கூடு, மைசூர் வழியாகப் போனால் 200 கிலோமீட்டருக்கு மேல் ஆகும். விடியற்காலையிலேயே கிளம்பினால்தான் அன்றே திரும்ப முடியும். இந்தப் பயணத்தைச் சுமார் இரண்டிரண்டு மணி நேரமாக மூன்று துண்டாக்கிக் கொள்ளுங்கள்.

முதல் நிறுத்தம் பண்ணாரி. அம்மனைக் கும்பிட இறங்கும்போதே வீட்டில் அத்தனை பேரும் பாத்ரூம் போய்விட்டு வரட்டும். "எனக்கு வரலை" என்பவர்களும்தான்! ஏனென்றால் அதற்கு மேல் சத்தியமங்கலம் புலிகள் காப்பகக் காடு. கரும்பு லாரிக்காக யானைகள் ரோட்டோரம் காத்து நிற்கிற பாதை அது. அங்கே வண்டியை நிறுத்தி ஓரமாக ஒதுங்குவது உயிருக்கே ஆபத்து.

இரண்டாவது நிறுத்தம் சாமராஜநகர். மூன்றாவது சரணாலய வாசல். படகு ஏறுவதற்கு முன் மறுபடியும் ஒருமுறை. திரும்பி வரும்போதும் இதே கணக்கு. திம்பம் பாதையில் 2022 முதல் இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு இருக்கிறது. ஆகவே மதியம் மூன்று மணிக்குள் ஸ்ரீரங்கப்பட்டணத்தை விட்டுக் கிளம்பி விடுங்கள்.

நிறுத்தம் எங்கே என்று முன்கூட்டியே தெரிந்துவிட்டால் பெண்கள் பயமில்லாமல் தண்ணீர் குடிப்பார்கள். "யாருக்காவது வண்டியை நிறுத்தணுமா?" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். மாமனார், மைத்துனர் முன்னால் எந்த மருமகள் வாய் திறப்பாள்? கேட்காமலே நிறுத்துவதுதான் மரியாதை.

வளைவில் வரும் வாந்தி

பண்ணாரியிலிருந்து திம்பம் ஏறுவதற்குள் 27 கொண்டை ஊசி வளைவுகள். கண் ஒன்றைப் பார்க்கிறது, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு வேறொன்றைச் சொல்கிறது. இந்தக் குழப்பம்தான் குமட்டலாக வருகிறது. வெறும் வயிறும் கூடாது, முட்ட முட்டச் சாப்பிட்ட வயிறும் கூடாது. இரண்டு இட்லியோடு மலையேறுங்கள். குமட்டல் வருகிறவர்களை முன் ஸீட்டில் உட்கார வைத்து, ஜன்னலைத் திறந்து, தூரத்தில் பார்க்கச் சொல்லுங்கள். புத்தகம், செல்போன் இரண்டும் வேண்டாம்.

ஒரு சின்னத் துண்டு இஞ்சியை உப்புத் தொட்டு மென்று சாறு விழுங்கலாம். குழந்தைகளுக்குச் சுக்கும் பனங்கற்கண்டும் போட்ட வெந்நீர் இரண்டு வாய் போதும். அதையும் மீறி வாந்தி வந்தால் அடக்காதீர்கள். காட்டுக்குள் நிறுத்த முடியாது என்பதால் ஆளுக்கொரு கவர் கையில் இருக்கட்டும்.

வாந்தி மாத்திரை போடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அவற்றில் பல தூக்கத்தைக் கொடுக்கும், ஓட்டுகிறவர் தொடவே கூடாது. புராஸ்டேட் தொல்லை உள்ளவர்களுக்கு நீரடைப்பையும் உண்டாக்கலாம். டாக்டரைக் கேட்காமல் போடாதீர்கள்.

தீவு கற்றுத் தரும் பாடம்

வந்து சேர்ந்துவிட்டோம்! 1640-களில் மைசூர் மன்னர் கண்டீரவ நரசராஜ உடையார் காலத்தில் காவிரியின் குறுக்கே ஓர் அணைக்கட்டு எழுப்பினார்கள். அதனால் உண்டானவைதான் இந்தத் திட்டுகள். பறவையியல் மேதை சாலிம் அலி எடுத்துச் சொன்னதன் பேரில் மைசூர் சமஸ்தானம் 1940-ல் இதைச் சரணாலயமாக அறிவித்தது. 2022-ல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலமாகவும் ஆனது. இங்கே ஓடும் இதே காவிரிதான் ஒகேனக்கல்லில் விழுந்து, மேட்டூரில் தேங்கி, பவானி, ஈரோடு, கொடுமுடி என்று நம்ம ஊருக்கு வருகிறது.

படகில் போகும்போது குழந்தைகளுக்குக் காட்டுங்கள். கூடு கட்டும் மாதங்களில் போனால், வெயில் ஏற ஏறத் தாய் நாரை சிறகை விரித்துக் குஞ்சுக்கு நிழல் பிடிப்பதைப் பார்க்கலாம். இரவில் இரை தேடும் இராக்கொக்கு பகலில் கழுத்தைச் சுருக்கிக் கொண்டு தூங்கும். உடம்பில் சூடு ஏறிய முதலை வாயைப் பிளந்தபடி பாறையில் கிடக்கும். ஒன்றாவது தன் உடம்பின் தேவையை 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று தள்ளி வைக்கிறதா? நாம்தான் வைக்கிறோம்!

படகில் லைஃப் ஜாக்கெட் கட்டாயம். தண்ணீரில் கை விடாதீர்கள், அங்கே இருப்பது நிஜ முதலை. சத்தம் போடாதீர்கள், தீனி போடாதீர்கள். மரங்களில் பழந்தின்னி வௌவால்கள் தொங்கும். 2018-ல் கோழிக்கோட்டுப் பக்கம் பரவிய நிபா வைரஸுக்கு இவ்வகை வௌவால்களே இருப்பிடம். பார்த்து ரசியுங்கள், ஆனால் கீழே விழுந்து கிடக்கும் பழத்தைக் குழந்தைகள் எடுக்க விடாதீர்கள். மழைக்காலத்தில் கிருஷ்ணராஜ சாகர் அணையிலிருந்து தண்ணீரை அதிகமாகத் திறந்துவிட்டால் படகு ஓடாது. விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

பசி நேரம் தப்பக் கூடாது

"இன்னொரு ரவுண்டு பார்த்துட்டுச் சாப்பிடலாம்" என்று பசியை அடக்குவது சர்க்கரை நோயாளிக்கு ஆபத்து. மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு சாப்பாடு தள்ளிப் போனால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். திடீர் வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, பேச்சுக் குழறல் எல்லாம் அதன் அறிகுறிகள். உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். கால் மணி நேரத்தில் தெளியவில்லை என்றால் மறுபடியும் கொடுங்கள். தெளிந்ததும் சாப்பாடு. நினைவு தப்பியவருக்கு வாயில் எதுவும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

கட்டுச் சோற்றில் நம்ம அரிசிம்பருப்புச் சாதம் ருசிதான். ஆனால் மதியம் வரை தாங்காது. தேங்காய்ச் சட்னியும் அப்படியே. நல்லெண்ணெய் விட்ட புளிச்சாதம், மிளகாய்ப் பொடி தடவிய இட்லி தாங்கும். வழியில் இளநீர், மோர் குடிக்கலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும் இளநீர் வேண்டாம், அதிலுள்ள பொட்டாசியம் கூடாது. ரத்த அழுத்தத்துக்காக 'நீர் மாத்திரை' சாப்பிடும் பெரியவர்கள் அன்றைக்கு அதைத் தாங்களாகவே நிறுத்தக் கூடாது. எத்தனை மணிக்குப் போடலாம் என்று முதல் நாளே டாக்டரிடம் கேட்டு வையுங்கள்.

ஓட்டுகிறவரின் கொட்டாவி

மற்ற வேகங்களை அடக்கினால் அடக்கியவருக்கு மட்டும்தான் நோய். ஓட்டுகிறவர் தூக்கத்தை அடக்கினால் வண்டியில் இருக்கும் அத்தனை பேருக்கும் ஆபத்து! விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்தவர், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சுமார் ஆறு மணி நேரம் ஓட்ட வேண்டும். அடிக்கடி கொட்டாவி, கண் எரிச்சல், பாதை மாறி இழுத்தல் எல்லாம் உடம்பு அடிக்கும் மணி. காபியும் பாட்டும் கொஞ்ச நேரம்தான் தள்ளிப் போடும். சாப்பிட்டதும் மர நிழலில் அவரை 20 நிமிஷம் தூங்க விடுங்கள். முதல் நாள் இரவு அவரை மட்டுமாவது சீக்கிரம் படுக்கச் சொல்லுங்கள்.

வீடு திரும்பிய பின்

மறுநாள் நீர் போகும்போது லேசாக எரிச்சல் இருந்தால் நிறையத் தண்ணீரும், சீரகம் போட்டுக் கொதிக்க வைத்து ஆற்றிய நீரும் குடியுங்கள். சிறுநெருஞ்சில் குடிநீர் நம் மருத்துவத்தில் வழிவழியாகக் கொடுப்பது. வைத்தியர் அளவு சொன்னபடி அருந்தலாம். எரிச்சல் ஒரு நாளைக்கு மேல் நீடித்தாலும், குளிர் காய்ச்சல், விலாப்புற வலி, சிறுநீரில் ரத்தம் இவற்றில் ஒன்று வந்தாலும் கஷாயத்தை நம்பிக் காத்திருக்காதீர்கள். கிருமி சிறுநீரகத்துக்கு ஏறியிருக்கலாம். கர்ப்பிணிகள் லேசான எரிச்சலுக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

பைனாகுலர், கேமரா, கட்டுச் சோறு எல்லாம் ஞாபகமாக எடுத்து வைக்கிற நாம், கிளம்புவதற்கு முதல் நாள் ஒரு துண்டுச் சீட்டில் நிறுத்தும் இடங்களையும் எழுதி வண்டியின் முன்னால் ஒட்டி வைத்தால் என்ன? வீட்டுப் பெண்களைக் கேட்டு எழுதுங்கள். அந்தச் சீட்டுப்படி நிறுத்தினாலே பாதி நோய் கிட்டே வராது.