இரவு ஏழு மணிக்கு மேல் மட்டும் வைஃபை தடுமாறுவது ஏன்?

கேள்வி: எங்கள் வீட்டில் 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு இருக்கிறது. ரவுட்டர் கீழே ஹாலில், டிவிக்குப் பின்னால். மாடி அறையிலிருந்து என் மகன் வெளிநாட்டு கம்பெனிக்கு வேலை பார்க்கிறான். பகலில் பிரச்சினை இல்லை. இரவு ஏழு மணிக்கு மேல் வீடியோ மீட்டிங்கில் பேச்சு விட்டு விட்டுக் கேட்கிறது, படம் உறைந்துவிடுகிறது. வைஃபை கோடுகள் என்னவோ நிறையத்தான் காட்டுகின்றன. கஸ்டமர் கேரில் கேட்டால், “லைன் நல்லா இருக்கு, ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க” என்கிறார்கள். அப்படிச் செய்தால் கொஞ்ச நேரம் சரியாகிறது. கடைக்காரர் ரிப்பீட்டர் வாங்கச் சொல்கிறார், மகன் 300 எம்பிபிஎஸ் பிளானுக்கு மாறலாம் என்கிறான். எதைச் செய்வது?
(ஒரு வாசகி, மதுரை)

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். ‘ஏழு மணிக்கு மேல்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் துப்பு. பகல் முழுக்க ஒழுங்காக ஓடும் ரவுட்டர் இருட்டியதும் பழுதாகாது. கான்கிரீட் தளமும் சாயங்காலத்தில் தடித்துப்போவதில்லை. அந்த நேரத்தில் மாறுவது கூட்டம். ஒன்று, உங்கள் தெருவில் ஓடும் வைஃபைகளின் கூட்டம். இல்லையென்றால், நிறுவனத்தின் லைனைப் பங்குபோடும் வாடிக்கையாளர்களின் கூட்டம்.

எது என்று கண்டுபிடிக்க ஒரு லேன் கேபிள் போதும். இரவு எட்டு மணிக்கு மகனின் லேப்டாப்பைக் கீழே கொண்டுவந்து ரவுட்டரில் நேராகச் செருகுங்கள். லேப்டாப்பில் வைஃபையை அணையுங்கள். டிவி, செல்போன் எல்லாவற்றுக்கும் ஐந்து நிமிடம் ஓய்வு கொடுத்துவிட்டு ஸ்பீட் டெஸ்ட் ஓட்டுங்கள். 90, 95 வந்தால் லைனில் குறையில்லை. பகலில் 95 வந்து இரவில் 20, 30 ஆக விழுந்தால் பிரச்சினை வெளியே இருக்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

அடுத்து, அதே நேரத்தில் மாடி அறையில் வைஃபையில் இணைந்தபடி ரவுட்டரின் முகவரிக்கு ‘பிங்’ கொடுக்கச் சொல்லுங்கள். பெட்டியின் அடியில் உள்ள ஸ்டிக்கரில் 192.168.1.1 என்பதுபோல் அந்த முகவரி இருக்கும். இந்தச் சோதனை வீட்டுக்கு வெளியே போவதே இல்லை. பதில் ஒரு சில மில்லிசெகண்டுகளில் சீராக வர வேண்டும். 200, 300 என்று எகிறினாலோ, நடுநடுவே பதிலே வராவிட்டாலோ, கோளாறு உங்கள் ஹாலுக்கும் மாடிக்கும் நடுவில்தான்.

உங்கள் விவரங்களைப் பார்த்தால் இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். பெரும்பாலான வீட்டு ரவுட்டர்களில் வைஃபைக்கு 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைகள். 5 வேகமானது, ஆனால் கம்பி கட்டிப் போட்ட கான்கிரீட் தளத்தைத் தாண்டுவதற்குள் சோர்ந்துவிடும். அதனால் மாடியில் லேப்டாப் தானாக 2.4-க்கு இறங்கிவிடுகிறது. அங்கே ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். மாலையில் அக்கம்பக்கத்து வீடுகள் எல்லாம் வந்து சேர்வது அந்த மூன்றில்தான். புளூடூத்தும் அங்கேதான், ராத்திரி குழம்பைச் சூடுபண்ணும் மைக்ரோவேவ் அடுப்பும் அங்கேதான். கோடுகள் நிறைய இருந்தும் பேச்சு அறுபடுவது இதனால்தான். கல்யாணப் பந்தியில் பக்கத்தில் இருப்பவர் உரக்கத்தான் பேசுகிறார், என்ன சொல்கிறார் என்று புரிகிறதா? கோடுகள் சத்தத்தை மட்டும் காட்டும், நெரிசலைக் காட்டாது.

ஆஃப் செய்து ஆன் செய்தால் சரியாவதற்கும் காரணம் இருக்கிறது. பல ரவுட்டர்கள் உயிர்பெறும்போதுதான் நெரிசல் குறைந்த சேனலைத் தேடிப் பிடிக்கின்றன. அரை மணி நேரத்தில் அங்கேயும் கூட்டம் வந்துவிடுகிறது. (அணைப்பது பவர் பட்டனில் மட்டும். ஊசி நுழையும் ஓட்டையில் இருக்கும் ரீசெட்டை அழுத்தினால் நிறுவனம் போட்டுவைத்த செட்டிங் எல்லாம் அழிந்து, ஆள் வரும்வரை நெட்டே இருக்காது.)

300 பிளான் ஏன் வேண்டாம்? ஒரு வீடியோ மீட்டிங்குக்கு 4 எம்பிபிஎஸ் தாராளம். உங்களிடம் இல்லாதது வேகம் அல்ல, தடையில்லாத வழி. ரிப்பீட்டரும் அதே நெரிசலில் வாங்கி அதே நெரிசலில் திருப்பிச் சொல்லும். ஒரே ரேடியோவில் வாங்கிக் கொடுக்கும் மலிவு ரகங்களில் வேகம் பாதியாகிவிடும். போதாததற்கு, பலர் அதைச் சிக்னல் கிடைக்காத அறைக்குள்ளேயே வைத்துவிடுகிறார்கள். கோடு நிரம்பும், நெட் வராது.

முதலில் காசில்லாத வேலை. ரவுட்டரை டிவிக்குப் பின்னாலிருந்து எடுத்து மாடிப்படி பக்கம், ஆள் உயரத்தில் வையுங்கள். படிக்கட்டின் திறப்பு வழியாக 5 கொஞ்சமாவது மேலே ஏறும். பீரோவும் பெரிய கண்ணாடியும் குறுக்கே வேண்டாம். ஃபைபர் ஒயரை நீங்களே இழுக்காதீர்கள், மடக்காதீர்கள். அதற்கு டெக்னீஷியனைக் கூப்பிடுங்கள். பிறகு செட்டிங்கில் இரண்டு அலைவரிசைக்கும் தனித்தனிப் பெயர் கொடுத்து, லேப்டாப்பை 5-இல் மட்டும் இணையுங்கள். அது எட்டாவிட்டால் 2.4-இன் சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸாக்கி, 1, 6, 11-இல் காலியானதைப் பிடியுங்கள். வைஃபை அனலைசர் செயலிகள் அதைக் காட்டிவிடும்.

எது எப்படியோ, வேலைக்கு நெட்டை நம்பியிருக்கும் வீட்டுக்கு நான் சொல்லும் நிரந்தர வைத்தியம், ரவுட்டரிலிருந்து மாடிக்கு ஒரு கேட் 6 கேபிள். 100 மீட்டர் வரை தயங்காமல் இழுக்கலாம். அலுமினியத்துக்குத் தாமிரப் பூச்சு கொடுத்த மலிவுக் கேபிளும் கடையில் கிடைக்கும். முழுத் தாமிரம் என்று கேட்டு வாங்குங்கள். கரண்ட் ஒயர் போகும் பைப்பில் இதை நுழைக்கக் கூடாது. மேல் முனையை லேப்டாப்பில் செருகிவிட்டால் மகனின் பிரச்சினை அன்றோடு தீர்ந்தது. அங்கேயே ஒரு பழைய ரவுட்டரை ஆக்ஸஸ் பாயின்ட்டாக மாற்றி வைத்தால் மாடி முழுக்க வைஃபையும் வரும்.

லேன் கேபிள் சோதனையிலேயே வேகம் விழுந்தால் இவை எதுவும் உதவாது. மூன்று நான்கு நாள் பகலிலும் இரவிலும் அதே சோதனையைச் செய்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பிளானின் மாத டேட்டா வரம்பு தீர்ந்து வேகம் குறைக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். பிறகு புகார் கொடுத்து டாக்கெட் எண்ணைக் கட்டாயம் வாங்கிக்கொள்ளுங்கள். பதில் திருப்தி தராவிட்டால் அந்த எண்ணைக் காட்டி நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2012 விதிப்படி அவர் 39 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். தனிநபர் புகாரை டிராய் நேரடியாக விசாரிப்பதில்லை.