கம்பி, கருங்கல், பூமி: பாரம் ஏறினால் என்ன ஆகும்?

(மூன்றாம் ஆண்டு சிவில் மாணவன், கீழ்பென்னாத்தூர்)



'ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்' என்று டைம்டேபிளில் பார்த்தாலே நம்மில் பாதிப் பேருக்கு வயிற்றைக் கலக்கும். தகைவு, திரிபு, யங் குணகம் என்று மூன்று சூத்திரத்தை மனப்பாடம் செய்து, கிராஃப் ஒன்றைப் போட்டு, ஐந்து மார்க் வாங்கியதும் மறந்துவிடுவோம். அந்த ஒரே கிராஃபில் நம்ம ஊர் பாறையும், திருவண்ணாமலைக் கோயில் மண்டபமும், கோலார் தங்கவயலும், லத்தூர் பூகம்பமும் அடங்கியிருக்கின்றன என்பதைச் சொல்லவே இந்தக் கட்டுரை. கடைசியில் ஒரு சின்ன வேண்டுகோளும் உண்டு. அதற்காகவாவது முழுவதும் படியுங்கள்.

கம்பி சொல்லும் பாடம்

ஒரு சதுர மில்லிமீட்டர் பரப்பில் எவ்வளவு விசை விழுகிறது என்பது தகைவு. இருந்த நீளத்தில் எத்தனை பங்கு நீண்டது அல்லது குறுகியது என்பது திரிபு. ஒன்று கூடினால் மற்றதும் அதே விகிதத்தில் கூடும் என்று 1678-ல் ராபர்ட் ஹூக் எழுதி வைத்தார். அவ்வளவுதான் விஷயம். ஆனால் அந்த விகிதம் எதுவரைக்கும் என்பதில்தான் எல்லாச் சங்கதியும் இருக்கிறது.

லேபில் யூ.டி.எம். மெஷினில் 20 மி.மீ. மைல்டு ஸ்டீல் கம்பியை இழுத்துப் பார்த்திருப்பீர்கள். சதுர மி.மீட்டருக்கு 250 நியூட்டன் வரை அது ஒழுங்குப் பிள்ளை. ஒரு மீட்டர் கம்பி வெறும் ஒன்றேகால் மில்லிமீட்டர்தான் நீளும், பாரத்தை எடுத்தால் பழைய நிலைக்கே திரும்பிவிடும். ஏறத்தாழ 8 டன்னைத் தொடும்போது டயல் முள் தயங்கி நிற்கும். பாரம் ஏறாமலே கம்பி நீளும். இதுதான் 'ஈல்டு பாயிண்ட்'. அதற்குப் பிறகு விட்டாலும் பழைய நீளம் வராது. பின்பு மறுபடி பாரம் ஏறி, கழுத்து மெலிந்து, 'டப்' என்று அறும்போது 100 மி.மீ. நீளம் 123 மி.மீட்டருக்கு மேல் ஆகியிருக்கும். அதாவது கம்பி அறுவதற்கு முன்னால் பல முறை நம்மை எச்சரிக்கிறது.

வார்ப்பிரும்பை அதே மெஷினில் மாட்டுங்கள். கழுத்தும் மெலியாது, முள்ளும் தயங்காது. நன்றாக இருப்பது போலவே இருந்து, ஒரே நொடியில் இரண்டு துண்டு. முதல் ரகத்தை டக்டைல் என்கிறோம், இரண்டாவதை நொறுங்கும் ரகம் என்கிறோம். காங்கிரீட்டும் கருங்கல்லும் இரண்டாவது ரகம்.

கல் உடைப்பவருக்குத் தெரிந்த விஞ்ஞானம்

கீழ்பென்னாத்தூரிலிருந்து செஞ்சிப் பக்கம் பஸ்ஸில் போனால் இரு பக்கமும் குன்றும் பாறையும்தான். கல் உடைக்கும் பெரியவர் ஒருவரிடம், "தாத்தா, இம்மாம் பெரிய பாறையை எப்படி நேர்கோட்டுல பொளக்கறீங்க?" என்று கேட்டேன். "தம்பி, கல்லை அமுக்கினா அது ஒண்ணும் பண்ணாது, உன் சம்மட்டிதான் போவும். அத்த பிரிச்சு இழுக்கணும். அதுக்குத்தான் ஆப்பு" என்றார்.

நம் புத்தகம் இரண்டு பக்கத்தில் சொல்வதை அவர் மூன்று வாக்கியத்தில் சொல்லிவிட்டார். நல்ல கருங்கல் அழுத்தத்தில் சதுர மி.மீட்டருக்கு 100 முதல் 200 நியூட்டன் வரை தாங்கும். இழுவையிலோ அதில் பத்தில் ஒரு பங்கு, சில கற்களில் இருபதில் ஒரு பங்குதான். வரிசையாகக் குழி போட்டு ஆப்பு இறக்கும்போது ஒவ்வொரு ஆப்பும் கல்லைப் பக்கவாட்டில் இழுக்கிறது. குழிக்குக் குழி விரிசல் ஓடிச் சேர்ந்துவிடுகிறது. அந்தக் காலத்தில் பாறை மேல் தீ மூட்டிப் பலகைபோலக் கல் எடுப்பார்கள். மேல்தோல் சூட்டில் விரிய, அடியிலுள்ள குளிர்ந்த பாறை விரியாமல் நிற்க, இரண்டுக்கும் நடுவே பிளவு விழும். அதுவும் தகைவுதான், சூட்டால் வந்த தகைவு.

அண்ணாமலையார் கோயில் ஆயிரங்கால் மண்டபத்தைப் பார்த்தவர்களுக்கு ஒரு கேள்வி. எதற்கு இத்தனை தூண்? சிற்ப அழகு ஒரு புறம் இருக்கட்டும். கல் உத்திரம் வளையும்போது அதன் அடிப்பக்கம் இழுபடும். கல்லுக்கு இழுவை ஆகாது. ஆகவே உத்திரத்தின் நீளத்தைக் குறைத்தே ஆகவேண்டும். நீளம் குறைந்தால் தூண் எண்ணிக்கை ஏறத்தானே செய்யும்! சூத்திரம் எழுதாமலே நம் ஸ்தபதிகள் அதை அறிந்திருந்தார்கள்.

சுற்றிப் பிடித்தால் கல்லும் வளையும்

இங்கே ஒரு சந்தேகம் வரவேண்டும். ஒரு மீட்டர் ஆழம் போனால் மேலே உள்ள பாறையின் எடையால் சதுர மி.மீட்டருக்கு 0.0265 நியூட்டன் கூடும். நம்ம ஊர் 15 மீட்டர் கிணற்றின் அடியில் 0.4 நியூட்டன்தான். 1 கிலோமீட்டரில் 26.5. 10 கிலோமீட்டரில் 265! லேபில் 150-லேயே தூளாகிற கல், பூமிக்குள் 265-ல் எப்படி முழுசாக இருக்கிறது?

விடை: அங்கே அதை நாலாபுறமும் வேறு பாறை பிடித்துக்கொண்டிருக்கிறது. லேபில் நாம் மேலும் கீழும் மட்டும் அமுக்குகிறோம். பக்கவாட்டில் பிடிமானம் இல்லாததால் கல் வெளியே பிதுங்கி, விரிசல் திறந்து, நொறுங்குகிறது. 1911-ல் தியோடர் வான் கார்மன் என்ற விஞ்ஞானி சலவைக்கல்லைச் சுற்றிலும் திரவ அழுத்தம் கொடுத்து நசுக்கிப் பார்த்தார். சுற்றழுத்தம் ஏற ஏறக் கல்லின் பலம் ஏறியது. கடைசியில் நொறுங்குவதை விட்டுவிட்டு, மாவுபோலப் பிதுங்கி உருமாறியது. கல் அதே கல்தான். பிடிமானம்தான் அதன் குணத்தை மாற்றியது. இந்த ஒரு வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

ஆழத்தில் சூடும் சேர்ந்துகொள்கிறது. மொத்தத்தில் புவி ஓட்டின் மேல் 10, 15 கிலோமீட்டர் வார்ப்பிரும்பு மாதிரி நொறுங்கும் ரகம். அதற்குக் கீழே கம்பி மாதிரி மெல்ல மெல்ல இழுபடும் ரகம். நம் மாவட்டத்து நைஸ் பாறையில் கறுப்பும் வெள்ளையுமாக வரிகள் மடிந்து வளைந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவை ஒரு காலத்தில் பல கிலோமீட்டர் ஆழத்தில், சூட்டில், பிசைந்த மாவுபோல மடிந்தவை. மேலே இருந்ததெல்லாம் கோடிக்கணக்கான ஆண்டுகளில் அரித்துப் போனபின் இன்று நம் கண்ணுக்குத் தெரிகின்றன. பாரம் விலகியதும் பாறை கொஞ்சம் விரியும். அதனால்தான் நம்ம குன்றுகளில் வெங்காயத் தோல்போலப் படலம் படலமாகப் பாறை உரிகிறது.

பூமி அறுந்துபோகும் இடம்

இந்தியத் தட்டு ஆண்டுக்குச் சுமார் 5 செ.மீ. வீதம் வடக்கே நகர்ந்து ஆசியாவை முட்டுகிறது. அந்த நெருக்கடி இமயமலையோடு நின்றுவிடுவதில்லை, தக்காணப் பாறைக்குள்ளும் தேங்குகிறது. மேல் ஓடு ஹூக் சொன்னபடி கொஞ்சம் கொஞ்சமாக வளைந்துகொண்டே வரும். பழைய பிளவு ஒன்றில் உராய்வு தாங்காத நிலை வந்ததும் சட்டென்று நழுவி, வளைந்த பாறை நிமிரும். அந்த அதிர்வே பூகம்பம். 1906 சான்ஃபிரான்சிஸ்கோ பூகம்பத்தை ஆராய்ந்து ஹாரி ஃபீல்டிங் ரீட் சொன்ன 'மீட்சித் துள்ளல்' கொள்கை இதுதான்.

"தென்னிந்தியா கெட்டிப் பாறை, இங்கே பூகம்பம் வராது" என்று சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், 1993 செப்டம்பர் 30 விடியற்காலை லத்தூர் மாவட்டம் கிள்ளாரியில் பூமி ஆடியது. ஏறத்தாழ 10,000 பேர் மாண்டார்கள். கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய கனத்த சுவர், மேலே கனத்த மண்கூரை. தூங்கினவர்கள் மேலேயே விழுந்தது. அதுவரை கிள்ளாரி இருந்தது ஆபத்து மிகக் குறைந்த முதல் மண்டலத்தில்! 2002-ல் நில அதிர்வு விதிநூலைத் திருத்தியபோது முதல் மண்டலத்தையே நீக்கினார்கள். சென்னையை இரண்டிலிருந்து மூன்றுக்கு ஏற்றினார்கள். நம் தமிழ்நாடும் விதிவிலக்கில்லை. 1900 பிப்ரவரியில் கோயம்புத்தூர்ப் பகுதியிலும், 2001 செப்டம்பர் 25-ல் புதுச்சேரிக்கு அப்பால் கடலிலும் நில அதிர்வுகள் நிகழ்ந்துள்ளன.

தங்கவயலில் வெடித்த பாறை

வட ஆற்காட்டு ஜில்லாவிலிருந்து பிழைப்புத் தேடி கோலார் தங்கவயலுக்குப் போன குடும்பங்கள் ஏராளம். 1880-களிலிருந்து 2001-ல் மூடும்வரை அந்தச் சுரங்கத்தில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். எங்கள் தாத்தாவும் அங்கே இருந்துவிட்டு வந்தவர்தான். "ஏர் பிளாஸ்ட்டு வந்தா மேல ஊர்ல பாத்திரம் உருளும், வூட்டுப் பொம்பளைங்க எல்லாம் சுரங்க வாசலுக்கு ஓடியாருவாங்க" என்பார். அது காற்று வெடிப்பு இல்லை. பாறை வெடிப்பு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆழம் சுமார் 3.2 கிலோமீட்டர். 26.5 பெருக்கல் 3.2, சதுர மி.மீட்டருக்கு ஏறத்தாழ 85 நியூட்டன். பாறை தாங்கும். ஆனால் அதில் ஒரு வட்டக் குகை தோண்டினால், எல்லாப் பக்கமும் ஒரே அழுத்தம் என்று வைத்துக்கொண்டாலும், குகைச் சுவரில் தகைவு இரண்டு மடங்காகும். 170! அதோடு உட்பக்கத்துப் பிடிமானமும் போய்விட்டது. தகைவு ஏறியது, தாங்கும் சக்தி இறங்கியது. வளைந்து தேங்கியிருந்த சக்தி மொத்தமும் ஒரே நொடியில் வெளியேறி, சுவர் வெடித்துப் பாயும். எச்சரிக்கை கிடையாது. அந்த ஆழத்தில் பாறையின் சூடு சுமார் 65 டிகிரி. அந்த அனலில் நம் ஆட்கள் வேலை செய்தார்கள். தோண்டிய இடத்தில் கருங்கல் தாங்கல்களை அடுக்கி, போன பிடிமானத்தைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தார்கள். தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் 1988-ல் தங்கவயலில் தொடங்கப்பட்டதற்குப் பின்னால் இந்த அனுபவமெல்லாம் இருக்கிறது.

தண்ணீர் செய்யும் வேலை

பிளவின் இரு முகங்களும் நழுவாமல் இருப்பது உராய்வால். இடுக்கில் தண்ணீர் புகுந்து அழுத்தம் கொடுத்தால், முகங்களை ஒன்றோடொன்று அமுக்கும் விசை குறையும். உராய்வும் குறையும். மகாராஷ்டிரத்தில் கொய்னா அணை நிரம்பிய சில ஆண்டுகளில், 1967 டிசம்பர் 11-ல் 6.3 அளவில் பூகம்பம் வந்தது. தேங்கிய நீருக்கு அதில் பங்குண்டு என்பது உலகமே ஏற்றுக்கொண்ட உதாரணம்.

நம் கண்ணெதிரே நடந்ததையும் சொல்லவேண்டும். 2024 டிசம்பர் 1-ல், ஃபெஞ்சல் புயல் கொட்டிய மழையில், திருவண்ணாமலை மலைச்சரிவில் மண்ணும் பாறையும் சரிந்து வ.உ.சி. நகரில் வீட்டின் மேல் விழுந்தது. ஏழு பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள். சரிவின் மேல் தங்கியிருக்கும் மண்ணையும் உருண்டைப் பாறையையும் பிடித்து நிறுத்துவது உராய்வும் மண்ணின் ஒட்டும் தன்மையும்தான். தண்ணீர் ஊறினால் எடை கூடுகிறது, பிடிமானம் குறைகிறது. இது மனிதன் புரிந்துகொள்ளக்கூடிய கணக்கு. புரிந்துகொண்டால், சரிவில் எங்கே வீடு கூடாது, மழைநீரை எந்த வழியே வடியவிடுவது என்று முன்கூட்டியே சொல்லலாம்.

வேண்டுகோள்

டிப்ளமோ முடித்ததும் நம்மில் பலர் சைட் சூப்பர்வைசராகப் போவோம். நூறு இன்ஜினியர்கள் போடும் டிராயிங், கடைசியில் நம் கண் முன்னால்தான் கம்பியாகவும் காங்கிரீட்டாகவும் மாறும்.

வான் கார்மன் செய்த சோதனையை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். தூணில் நாம் கட்டும் ரிங் கம்பி எதற்கு? நெடுங்கம்பி கலையாமல் இருக்க என்று மேஸ்திரி சொல்வார். அது பாதி உண்மை. பாரம் ஏறிக் காங்கிரீட் பிதுங்கும்போது, பூமிக்குள் பாறையைச் சுற்றுப்பாறை பிடிப்பதுபோல, அந்த ரிங்தான் காங்கிரீட்டைச் சுற்றிப் பிடிக்கிறது. நொறுங்கும் காங்கிரீட்டை ஓரளவு டக்டைல் ஆக்குவதே அதுதான். ரிங்கின் கொக்கியை 90 டிகிரியில் மடித்தால், தூண் ஆடி மேல்பூச்சுக் காங்கிரீட் உதிர்ந்ததும் கொக்கி திறந்துகொள்ளும். பிடிமானம் போயிற்று, தங்கவயல் குகைச்சுவர் மாதிரி ஆயிற்று. 135 டிகிரியில் உள்பக்கமாக மடித்தால் திறக்காது. 2001 ஜனவரி 26 பூஜ் பூகம்பத்தில், 200 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த அகமதாபாத்தில்கூட அடுக்குமாடிகள் விழுந்ததற்குத் தூண்களில் செய்த இப்படிப்பட்ட குறைகளும் ஒரு காரணம்.

ஆகவே நண்பர்களே, ரிங்கை 135 டிகிரிக்கு மடிக்கச் சொல்லுங்கள். தூணின் தலைப்பிலும் அடியிலும் நெருக்கமாகக் கட்டச் சொல்லுங்கள். வேலை சுலபமாகட்டும் என்று கலவையில் தண்ணீர் ஊற்றினால் தடுத்து நிறுத்துங்கள். "இன்னா சார், பெரிய இன்ஜினியரு கணக்கா பேசறே" என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஒரு ரிங்குக்குக் கூடுதலாக ஆவது நாலு விரற்கடைக் கம்பி. அந்தத் தூணுக்கு மேலே ஒரு குடும்பம் தூங்கப்போகிறது.