முதலில் உப்பு

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஆம்பூர் ஷூ கம்பெனி அக்கவுண்ட்ஸில் நீ உட்காரும் கம்ப்யூட்டர், தனக்கு விண்டோஸ் 11-க்குத் தகுதியில்லை என்று சொல்லிவிட்டதாம். கடைத்தெருவில் ஒருவர் "அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா, ஒரு மணி நேரத்துல போட்டுத் தர்றேன்" என்கிறாராம். கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். அடுத்த வரியிலேயே "ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோகிறேன்" என்றும் எழுதியிருக்கிறாய். முடிவு செய்துவிட்டுத்தான் அண்ணனிடம் கேட்பாயா? கொஞ்சம் பொறு.

நீ டேனரி வாசனையிலேயே வளர்ந்தவள். உரித்த தோலுக்கு முதலில் என்ன செய்வார்கள்? உரித்த கையோடு உப்புப் போடுவார்கள். சுண்ணாம்பும் ட்ரம்மும் குரோமும் அதற்குப் பிறகுதான். அழுகிப்போன தோலை எந்த குரோமும் மீட்காது. கம்ப்யூட்டருக்கு அந்த உப்பு, பேக்கப். நீ உன் கடிதம் முழுக்க ட்ரம்மைப் பற்றியே கேட்டிருக்கிறாய். உப்பைப் பற்றி ஒரு வரி இல்லை.

"டேலி டேட்டாவை பென் டிரைவில் வைத்திருக்கிறேன்" என்பாய். அதை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தாயா? திறந்து பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் என்று ஒத்துக்கொள்ள மாட்டேன். போன வருடக் கணக்கு ஒன்றையாவது அங்கே எடுத்துப் பார். கம்ப்யூட்டர் பெட்டியை அழிக்கும் முன் டேலியில் லைசென்ஸை சரண்டர் செய். அதை மறந்து அழித்துவிட்டு, பிறகு லைசென்ஸ் வரவில்லை என்று அலைபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஏற்றுமதிக் காகிதங்களுக்கு முதலாளி கையெழுத்துப் போடும் டிஜிட்டல் டோக்கன் இருக்கிறதே, அதன் டிரைவர் விண்டோஸ் 11-க்குக் கிடைக்கிறதா என்றும் பார். பில் அடிக்கும் பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்கும் இதே கேள்விதான்.

இன்னொன்றை நீ நிச்சயம் மறப்பாய். உங்கள் ஆபீஸில் பழைய தமிழ்க் கடிதங்கள், தொழிலாளர் அறிவிப்புகள் எல்லாம் வானவில், பாமினி மாதிரி எழுத்துருக்களில் இருக்கும். அந்த எழுத்துரு புது சிஸ்டத்தில் இல்லையென்றால், பத்து வருட அறிவிப்பும் ஒரே நாளில் புரியாத ஆங்கில எழுத்துக் குவியலாகிவிடும். கோப்புகளோடு எழுத்துருக்களையும் எடுத்து வை. லதா எழுத்துருவில் அடித்தவை யூனிகோடு, அவற்றுக்குப் பயமில்லை. லதாவே வேண்டுமென்றால் விண்டோஸின் கூடுதல் வசதிகளில் தமிழ் எழுத்துருக்களைச் சேர்த்துக்கொள்ளலாம்.

சரி, தகுதிக்கு வருவோம். செட்டிங்ஸில் பிராசசர் பெயரைப் பார். ஐ5-7400 என்றிருந்தால் அது ஏழாம் தலைமுறை, விண்டோஸ் 11 ஏற்கும் பட்டியலில் இல்லை. ஐ5-8400 என்றால் எட்டாம் தலைமுறை, ஏறும். இன்டெலில் பொதுவாக எட்டாம் தலைமுறைதான் வாசற்படி. "ரேம் போட்டு எஸ்எஸ்டி மாற்றினால் தகுதி வந்துவிடாதா அண்ணா?" வராதும்மா. வேகம் வரும், தகுதி வராது. 4 ஜிபி ரேமும் 64 ஜிபி இடமும் சின்ன நிபந்தனைகள். பெரிய நிபந்தனை பிராசசரும், டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்புச் சில்லும்தான். எட்டாம் தலைமுறையாக இருந்தும் பெட்டி மறுக்கிறது என்றால், பயாஸில் டிபிஎம் அணைந்து கிடக்கலாம். அதைப் போட்டுவிட்டால் செலவில்லாமல் வேலை முடிந்தது. கடைக்காரர் இதைப் பார்த்தாரா என்று கேள்.

பழைய பெட்டியில் இந்தச் சோதனைகளை ஏமாற்றி 11-ஐ ஏற்ற வழி இருக்கிறது. அவர் சொல்லும் ஒரு மணி நேரம் அதுதான். ஆனால் அப்படி ஏற்றினால் அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. 2024-இல் வந்த 24எச்2 பதிப்பு, கோர் 2 டியோ காலத்துப் பெட்டிகளில் கிளம்பவே இல்லை. வீட்டில் விளையாடிப் பார். கம்பெனிக் கணக்கு இருக்கும் பெட்டியில் வேண்டாம்.

"அப்போ 10-லேயே இருந்துவிடுகிறேன், நன்றாகத்தானே ஓடுகிறது" என்பாய். ஓடும். 2025 அக்டோபர் 14-க்குப் பிறகு அதற்கு வழக்கமான பாதுகாப்புத் திருத்தம் வராது, அவ்வளவுதான். அந்த "அவ்வளவுதான்" எவ்வளவு என்று 2017 மே மாதம் வானாக்ரை என்கிற நச்சு நிரல் காட்டியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் மார்ச்சிலேயே வந்திருந்தது. போடாமல் விட்டவர்களின் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. திருத்தம் வந்தும் அந்தக் கதி என்றால், வராத பெட்டியில் ஜிஎஸ்டி கடவுச்சொல்லை வைத்திருப்பதை யோசித்துப் பார். வீட்டுப் பெட்டிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு உண்டு. கம்பெனிக்கு அது செல்லாது, தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும். பெட்டிக்கு முதல் வருடம் 61 டாலர், அடுத்தடுத்து இரட்டிப்பு, அதிகபட்சம் மூன்று வருடம். ஏழாம் தலைமுறைப் பெட்டிக்கு அந்தப் பணத்தைக் கொட்டுவதை விட, எட்டாம் தலைமுறைக்கு மேற்பட்ட பெட்டி ஒன்றைப் பழையதாகவே வாங்கச் சொல். என் தீர்ப்பு அதுதான்.

பழசைக் காயலான் கடைக்கு எடை போடாதே. அதன் ஹார்ட் டிஸ்கில் உங்கள் வாடிக்கையாளர் விலைப்பட்டியல் இருக்கிறது. டிஸ்கைச் சுத்தமாக அழித்துவிட்டு லினக்ஸ் மிண்ட் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோ. தம்பி படிக்க அது தாராளம். அவனுடைய அரசு லேப்டாப்பில் பாஸ் லினக்ஸ் இருந்ததே, அதற்கு உறவுதான் இது. ஆனால் டேலி லினக்ஸில் நேரடியாக ஓடாது. ஆபீஸுக்கு அந்த யோசனையைக் கொண்டுபோகாதே.

நாள் பார்க்கச் சொன்னாயே, சொல்கிறேன். மாதம் 11-ஆம் தேதியும் 20-ஆம் தேதியும் உங்களுக்கு ஜிஎஸ்டி கெடு. அவற்றுக்குப் பக்கத்தில் கை வைக்காதே. கன்டெய்னர் சென்னைத் துறைமுகத்துக்குக் கிளம்பும் வாரத்திலும் வேண்டாம். மாதத்தின் கடைசி வாரத்தில், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் தொடங்கு. சனி, ஞாயிறு கையில் இருக்கும்.

இந்த ஞாயிறு கடைக்குப் போகாதே. பிராசசர் எண்ணை ஒரு தாளில் எழுதி எனக்கு அனுப்பு. பேக்கப்பை வேறு பெட்டியில் திறந்து பார்த்தாயா என்பதையும் அதே தாளில் எழுது.

அன்புடன்,
அண்ணன்