காற்றைப் பார்த்து வழி போடுங்கள்

தரங்கம்பாடிப் பக்கம் சைக்கிளில் நாலு நாள் சுற்றி வர வேண்டும், எப்படித் திட்டம் போடுவது என்று பிள்ளைகள் என்னிடம் கேட்டு வருவது வழக்கம். வரும்போதே கையில் போன், போனில் வரைபடம், வரைபடத்தில் கடலோரமாக ஒரு நீலக் கோடு, கோட்டின் முடிவில் இத்தனை கிலோமீட்டர் என்று ஒரு எண். அந்த எண்ணைக் கடைசியில் பார்ப்போம் என்றுதான் நான் ஆரம்பிப்பேன். கடற்கரை ஊரில் சைக்கிள்காரனைக் களைப்பாக்குவது காற்றும் வெயிலும். அவை இரண்டையும் கணக்கில் எடுத்துவிட்டால் தூரம் தானாக அமைந்துவிடும். முதல் தடவை கிளம்புகிறவர்களுக்காக, நேரில் சொல்வதை இங்கே வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

1. முதலில் மாதம், அப்புறம்தான் மற்றதெல்லாம். ஐப்பசியும் கார்த்திகையும் டெல்டாவுக்கு மழைக்காலம், புயல்காலம். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. அதற்கப்புறம் சாய்ந்து கிடந்த தென்னந்தோப்புகளைப் பார்த்தவர்கள் யாரும் நவம்பரில் பிள்ளைகளை இந்தச் சாலைக்கு அனுப்ப மாட்டார்கள். சித்திரை, வைகாசி வெயிலில் காலை ஒன்பது மணிக்கே தார் கொதிக்கும். தையும் மாசியும்தான் ஏற்ற காலம். மழை ஓய்ந்திருக்கும், வயலில் அறுவடை நடக்கும், பகல் வெயிலும் தாங்கும்படி இருக்கும். ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா. பல ஊர்களிலிருந்தும் நடந்தே வருகிற பக்தர்களால் சாலையோரம் நிறைந்திருக்கும். அந்த நாட்களில் அது அவர்களுடைய சாலை, நாம் ஒதுங்கிக்கொள்வதுதான் முறை. திருக்கடையூர் வழியாகப் போவதாக இருந்தால் முகூர்த்த நாளா என்று காலண்டரைப் பாருங்கள். மணிவிழாவுக்கு வருகிற கார்கள் காலையில் ஊரையே அடைத்துவிடும்.

2. காற்றைக் கேட்காமல் திசையை முடிவு செய்யாதீர்கள். கடற்கரையில் வலை பிரித்துக்கொண்டிருக்கிற பெரியவர் யாரிடமாவது கேளுங்கள். இன்றைக்கு வாடையா, கச்சானா, கொண்டலா, சோழகமா என்று நின்ற இடத்திலேயே சொல்லிவிடுவார். உங்களுக்குத் தெரிய வேண்டியது இவ்வளவுதான்: தையிலும் மாசியிலும் வாடை வீசும், பகல் ஏற ஏற வடகிழக்கிலிருந்து வலுக்கும். ஆகவே வடக்கேயிருந்து தெற்கே போகிறவனுக்கு முதுகில் காற்று, தெற்கேயிருந்து வடக்கே வருகிறவனுக்கு முகத்தில் காற்று. வடக்கே போக வேண்டிய வேலையை விடியற்காலையில் முடித்துவிட வேண்டும், அப்போது காற்று எழும்பியிருக்காது. ஆனி, ஆடியில் கச்சான். மேற்கேயிருந்து சூடாக அடிக்கும், கண்ணில் மண்ணைத் தூவும், லாரி கடந்து போகும்போது சைக்கிளைப் பக்கவாட்டில் தள்ளும். வெயில்காலத்தில் மதியத்துக்கு மேல் கடற்காற்று ஏறிவிடும். எதிர்க்காற்றில் ஒரு மணி நேரம் மிதித்துப் பாருங்கள், 10 கிலோமீட்டர் தாண்டுவதே பெரும்பாடு. அதே கால்கள் பின்காற்றில் அலுப்பில்லாமல் 20 கிலோமீட்டர் போகும். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டவர்களுக்கு மற்ற அறிவுரைகள் பாதி தேவைப்படாது.

3. கடலோரமாக ஒரே கோட்டில் போக முடியாது. வரைபடம் ஏமாற்றுகிற இடம் இதுதான். காவிரியும் அதன் கிளைகளும் கடலில் சேர்கிற கரை இது. பூம்புகாரில் காவிரி, தரங்கம்பாடிக்குத் தெற்கே நண்டலாறு, காரைக்காலில் அரசலாறு, அப்புறம் திருமலைராஜனாறு, நாகூரில் வெட்டாறு என்று முகத்துவாரங்கள் குறுக்கிட்டுக்கொண்டே இருக்கும். பாலங்களில் பெரும்பாலானவை உள்ளே தள்ளிப் பெரிய சாலையில்தான். சின்னங்குடி, வாணகிரி, சந்திரபாடி போன்ற கடலோர ஊர்களுக்குப் பெரிய சாலையிலிருந்து கிழக்கே தனித்தனிக் கிளைச் சாலைகள் பிரிகின்றன, சீப்பின் பற்களைப் போல. ஒரு ஊரைப் பார்த்துவிட்டு அடுத்த ஊருக்குப் போக பெரும்பாலும் திரும்ப மேற்கே வந்துதான் ஆக வேண்டும். மணலில் உருட்டிக்கொண்டே போய்விடலாம் என்று நினைத்தால் முகத்துவாரத்தில் இடுப்பளவு தண்ணீர் மறிக்கும். நீரோட்டம் தெரியாத இடத்தில் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு இறங்கவே கூடாது. ஆகவே நாளொன்றுக்கு இரண்டு கிளைச் சாலைகள் போதும். எதை விடுவது என்று முந்தின நாள் இரவே தீர்மானித்துவிடுங்கள்.

4. புதியவர்களுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 40 கிலோமீட்டர் போதும். காலை ஐந்தரைக்குச் சக்கரம் உருள வேண்டும், பத்தரைக்குள் நிழலில் இருக்க வேண்டும், மாலை நாலுக்கு மேல் மீதி. நான் போட்டுக்கொடுக்கிற திட்டம் இது. சென்னையிலிருந்து இரவு ரயிலில் ஏறினால் காலையில் காரைக்கால். அங்கிருந்து தரங்கம்பாடி வடக்கே சுமார் 15 கிலோமீட்டர். அன்று அது போதும். மறுநாள் இருட்டோடு கிளம்பித் திருக்கடையூர், ஆக்கூர், மேலையூர் வழியாகப் பூம்புகார். ஒரு வழிக்கு 20 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். 1973இல் திறந்த சிலப்பதிகாரக் கலைக்கூடத்தைப் பார்த்துவிட்டுப் பின்காற்றில் திரும்பிவிடலாம். மூன்றாம் நாள் தெற்கே காரைக்கால், நாகூர், நாகப்பட்டினம். நாலாம் நாள் வேளாங்கண்ணி போய், நாகப்பட்டினத்துக்கோ வீட்டுக்கோ ரயில் அல்லது பஸ். கோடியக்கரையையும் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்பார்கள். பூநாரையும் வெளிமானும் பார்க்க வேண்டிய இடம்தான். ஆனால் அதற்கு இன்னும் இரண்டு நாள் வேண்டும். அடுத்த வருஷம் அதற்கென்று தனியாக வாருங்கள்.

5. தரங்கம்பாடிக்குள் சைக்கிளை விட்டு இறங்குங்கள். ஊரின் நுழைவாயிலிலிருந்து ராஜவீதி வழியாகக் கோட்டைக்கு மிதித்துப் போனால் சில நிமிஷங்களில் முடிந்துவிடும், ஒன்றும் பார்த்திருக்க மாட்டீர்கள். இந்த ஊரைத் தஞ்சை நாயக்க மன்னர் ரகுநாதரிடமிருந்து டேனிஷ்காரர்கள் பெற்றது 1620இல். அப்போது எழுந்ததுதான் டேன்ஸ்போர்க் கோட்டை. 1845இல் ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். வாசலில் இருந்து வருகையில் சீயோன் ஆலயம், 1701. அதற்கெதிரே புதிய எருசலேம் ஆலயம், 1718. கிறிஸ்தவப் பாதிரியார் சீகன்பால்கு அடக்கம் செய்யப்பட்டிருப்பது இங்கேதான். 1706இல் இருபத்துநாலு வயதில் வந்து இறங்கி, தமிழ் கற்று, 1715க்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தவர். அச்சுக்குக் காகிதம் போதவில்லை, பக்கத்துப் பொறையாரில் காகிதப் பட்டறையே வைத்தார்கள். கடுதாசிப்பட்டறை என்ற ஊர்ப்பகுதி இன்றும் இருக்கிறது, சைக்கிளில் பத்து நிமிஷம். கடலோரம் மாசிலாமணிநாதர் கோயில். 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது, முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. பொறையார் நீங்கலாக இத்தனையும் ஒரு மைலுக்குள். இங்கே ஒரு மாலை முழுவதும் செலவிடாதவர்கள் இந்தப் பயணத்துக்கு வர வேண்டியதே இல்லை என்பேன். கோட்டையிலுள்ள அருங்காட்சியகத்துக்கு எந்தக் கிழமை விடுமுறை என்று மட்டும் முன்னதாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பாறைகளைத் தாண்டிக் குளிக்க இறங்காதீர்கள்.

6. விலை உயர்ந்த சைக்கிள் தேவையில்லை, ஊர்க் கடையில் சரிசெய்ய முடிந்த சைக்கிள் தேவை. இங்கே ஒரே தகவலை மனப்பாடம் செய்யுங்கள்: நம்மூர் நாட்டு சைக்கிளின் 28 அங்குல டயரும் புது மாடல்களின் 700 டயரும் ஒன்றல்ல. டயர் ரிம்மில் உட்காரும் விட்டம் முன்னதற்கு 635 மில்லிமீட்டர், பின்னதற்கு 622. ஒன்றுக்கு மற்றொன்று பொருந்தாது. கிராமத்துக் கடையில் முன்னது கிடைக்கும், பின்னது அரிது. ஆகவே உங்களுடையது 700 ஆனால் ஆளுக்கு இரண்டு டியூப் கையில் இருக்க வேண்டும். ஒல்லி வால்வு என்றால் அதற்கான அடாப்டரும் வேண்டும்.

இந்தக் கரையில் பஞ்சருக்குப் பெரிய காரணம் சீமைக்கருவேல முள். ஒதுங்கி நிழலில் நிறுத்தும்போதுதான் ஏறும். முள் டயரைத் துளைத்து உள்ளே நுழைந்ததும் வெளிப்பக்கம் ஒடிந்துவிடும். மேலே பார்த்தால் ஒன்றுமே தெரியாது. புது டியூப் போட்டு ஒரு கிலோமீட்டர் போவதற்குள் மறுபடி காற்று இறங்கும். டயரைக் கழற்றியதும் உள்பக்கம் முழுக்கக் கொஞ்சம் பஞ்சை வைத்து மெதுவாகத் தடவிக்கொண்டு வாருங்கள். முள் இருக்கிற இடத்தில் பஞ்சு இழை சிக்கி நிற்கும். அங்கே குறடால் பிடித்து உள்பக்கமாக இழுத்தால் அரிசி நீளத்துக்கு ஒரு கறுப்பு முனை வரும். அதை எடுத்த பிறகுதான் டியூப். வீட்டு வாசலில் இரண்டு தடவை இதைச் செய்து பழகாமல் யாரும் கிளம்ப வேண்டாம்.

7. தை, மாசியில் டெல்டாச் சாலையில் பாதி களமாகிவிடும். தாரில் நெல் காயும். அதன் மேல் ஏற்றிவிடாதீர்கள், அது ஒரு குடும்பத்தின் ஆறுமாத உழைப்பு. வைக்கோல் பரப்பிய இடத்தில் இறங்கித் தள்ளுங்கள். ஒரு பிடி வைக்கோல் பிரீவீலில் சுற்றிக்கொண்டால் எடுக்க அரைமணி ஆகும். நாகூருக்கு வடக்கே வாஞ்சூரில் காரைக்கால் துறைமுகம் இருக்கிறது. நிலக்கரி லாரிகள் போகிற பாதை, அந்தப் பகுதியை விடியலிலேயே கடந்துவிடுங்கள். காரைக்கால் புதுச்சேரி ஆட்சிக்கு உட்பட்டது, மதுக்கடைகள் அதிகம். சனி, ஞாயிறு மாலைகளில் நண்டலாறு எல்லைப் பக்கம் வண்டியோட்டுகிற எல்லாரும் நிதானத்தில் இருப்பார்கள் என்று நம்பாதீர்கள்.

8. மீனவர் ஊர்களுக்குள் வேகம் கூடாது. சாலையில் காய்வது வலையாக இருக்கலாம், கருவாடாக இருக்கலாம். இரண்டின் மேலும் சக்கரம் படக்கூடாது. மீன் ஏலம் நடக்கிற நேரத்தில் பெண்களை மறித்துப் படம் எடுக்காதீர்கள். அக்கா, எடுக்கலாமா என்று கேட்டு, வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 இந்தக் கரையில் எத்தனையோ வீடுகளை வெறுமையாக்கிய நாள். அவர்களாகப் பேசினால் உட்கார்ந்து கேளுங்கள், நீங்களாக ஆரம்பிக்க வேண்டாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது கையில் காசு இல்லாத ஊரில் விருந்தாளியாக நடந்துகொள்ளுங்கள்.

9. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். கடலோரக் கிணறுகள் பல உவர்ப்பு, கண்ட குழாயில் பிடிக்காதீர்கள். மோரும் இளநீரும் வழியெல்லாம் கிடைக்கும். கழிப்பறை எங்கே இருக்கிறது என்பதையும் வரைபடத்திலேயே குறித்துவிடுங்கள். குழுவில் பெண் பிள்ளைகள் இருந்தால் இதை யாரும் சொல்லாமலே செய்திருக்க வேண்டும். மெதுவாக மிதிப்பவர் முன்னால் போகட்டும், பஞ்சர் ஒட்டத் தெரிந்தவர் கடைசியில் வரட்டும்.

10. உப்புக் காற்று ஒரே இரவில் செயினில் செம்மண் நிறம் ஏற்றிவிடும். ஒவ்வொரு மாலையும் நல்ல தண்ணீரில் துணி நனைத்துத் துடைத்து, ஈரம் போக உலர்த்தி, செயினுக்குச் சொட்டுச் சொட்டாக எண்ணெய் விடுங்கள். அலை நனைத்த கெட்டி மணலில் ஓட்ட ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் அந்தத் தண்ணீர் பெடலுக்குள்ளும் பால்ஸுக்குள்ளும் புகுந்துவிட்டால் வீட்டுக்கு வந்தபின் எல்லாவற்றையும் பிரித்துக் கிரீஸ் மாற்ற வேண்டும். ரயிலில் ஏற்றும்போது பார்சல் ஆபீஸுக்கு ஒரு மணி நேரம் முன்னதாகப் போய், டிக்கெட்டைக் காட்டி லக்கேஜாகப் பதிவு செய்யுங்கள். பெயரும் சேருமிடமும் எழுதிய அட்டையைக் கம்பியால் கட்டுங்கள், நூல் அறுந்துவிடும். ரயில் கிளம்பும் ஊரில் ஏற்றி முடியும் ஊரில் இறக்குவதுபோல் பயணத்தை அமைத்தால், இரண்டு நிமிஷம் நிற்கிற நிலையத்தில் சைக்கிளோடு போராட வேண்டியிருக்காது.