கல்லூரி ஆங்கிலம்: எந்தப் படியில் தொடங்கலாம்?

வள்ளியூர் வட்டாரத்தில், மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கீழ் இளங்கலை சேருவோருக்குப் பாடத்திட்டத்தின் பகுதி இரண்டில் ஆங்கிலம் உண்டு. தமிழ் வழியில் படித்தவருக்கும் ஆங்கில வழியில் படித்தவருக்கும் பொதுவாக ஒரே பாடம்தான். எனவே தன் நிலையைத் தானே அளந்துகொள்வது நல்லது. பிளஸ் டூ மதிப்பெண்ணை மட்டும் நம்ப முடியாது. மனப்பாடம் செய்தும் அதை வாங்கிவிடலாம். புதிய செய்தி ஒன்றை வாசித்துவிட்டு, அதைப் பார்க்காமல் ஐந்து வரி சொந்தமாக எழுதிப் பாருங்கள். தடுமாறினால், கல்லூரியில் அடிப்படை இணைப்பு வகுப்பு உண்டா என்று சேரும்போதே கேளுங்கள்.

அடிப்படை வகுப்பில் உட்காருவது மானக்கேடு, காலவிரயம் என்பார்கள். ஆனால், தேர்வில் தவறி அரியர் விழுந்தால் போகும் காலம் அதைவிட அதிகம். அந்த ஐந்து வரியை எளிதாக எழுத முடிந்தவர்கள், தமிழக அரசு 2022இல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திறன் மேம்பாட்டுத் திட்டத்தின் பயிற்சிகளைப் பார்க்கலாம். ஆங்கிலத்தையே முதன்மைப் பாடமாக எடுக்க நினைத்தால், பி.ஏ. ஆங்கிலம் பெரிதும் இலக்கியப் படிப்பு என்பதை நினைவில் கொள்ளுங்கள். சரளமாகப் பேசுவதற்காக மட்டும் அதை எடுக்க வேண்டாம்.