பாசி வளர்ப்பில் ஐவர் கூட்டு

இராமநாதபுரம் மாவட்டத்தில் பாக் விரிகுடாவை ஒட்டிய கிராமங்களில் கடற்பாசி வளர்ப்பு இன்று பல குடும்பங்களுக்குத் துணைத்தொழில். 'கப்பாபைகஸ்' என்னும் இப்பாசியை 1990களில் மண்டபத்தில் மத்திய உப்பு, கடல்சார் இரசாயன ஆராய்ச்சி நிலையத்தார் வளர்த்துப் பார்த்தனர். பின்னர் பெப்சி நிறுவனம் இதில் இறங்கவே, கரையோர மக்கள் இதற்குப் 'பெப்சி பாசி' என்றே பெயரிட்டனர். நிறுவனம் 2008இல் விலகியது. பெயர் மட்டும் போகவில்லை!

முதலீடு பெரிதல்ல. 12 அடிக்கு 12 அடி மூங்கில் மிதவை. அதில் 20 கயிறுகள். கயிற்றுக்கு 20 முடிச்சு, முடிச்சுக்கு 150 கிராம் விதைப்பாசி என 60 கிலோ கட்ட வேண்டும். மீன் கடிக்காமலிருக்க அடியில் பழைய வலை. நல்ல பருவத்தில் 45 நாளில் சுமார் 250 கிலோ கிடைக்கும். அதில் 60 கிலோ மறுபடி விதைக்குப் போக, மீதி உலர்ந்தால் பத்தில் ஒரு பங்கே தேறும்.

ஒருவருக்கு 45 மிதவை இருந்தால் நாளொன்றுக்கு ஒரு மிதவை அறுவடை. ஆனால் பாசி நிறைந்த மிதவையைத் தனியாளாகக் கரைக்கு இழுக்க இயலாது. எனவேதான் ஐந்து பேர் ஒரு குழு. நடவுக்கு ஒருவர் வயலில் மற்றவர் மாறி மாறி இறங்குகிறோமல்லவா, அதே வழக்கம்தான்.

கைத்திறனும் இங்கே புதிதல்ல. விரல்களில் துணி சுற்றிக்கொண்டு கடலுக்குள் மூழ்கி, மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப் பாசியும் பறித்த பெண்கள் நீரோட்டம், காற்று, மணல் ஒட்டாமல் உலர்த்தும் பக்குவம் ஆகியவற்றை முன்பே அறிந்தவர்கள். முடிச்சுப் போடுவதை மட்டும் கற்றுக்கொடுத்தால் போதும். இதை எண்ணாமல் மானியத்தையும் மிதவைக் கணக்கையும் மட்டும் பார்ப்பது சரியல்ல என்பது என் கருத்து.

உறவுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. சொந்தக்காரர் ஐவரே சேர்ந்தால் ஆதரவற்ற பெண்ணுக்கு இடமிருக்காது. ஒரே கரையில் இருப்பவர்களே சேர்ந்தால், கடல் சூடேறும்போது எல்லோர் பாசியும் ஒன்றாக அழியும். 2013க்குப் பின் அப்படித்தான் உற்பத்தி சரிந்தது. விதைப்பாசி உயிருள்ளது, நெல்லைப்போல் குதிரில் போட்டு வைக்க முடியாது. ஆகவே வேறு கரையிலுள்ள குழுவோடும் விதை கொடுக்கல் வாங்கல் இருக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன் மிதவைகளைக் கரையேற்றும்போதே இதைப் பேசி முடிப்பது நல்லது.

முண்டு மிளகாய் பயிரிடும் நம் மானாவாரி விவசாயிகளும் ஐவராகச் சேர்ந்து ஒரே களத்தில் உலர்த்தி, தரம் பிரித்து விற்றுப் பார்க்கலாம். எடை, தரம், பணம் மூன்றையும் முதல் மூட்டையிலிருந்தே ஒரே நோட்டில் ஐவர் முன்னிலையில் எழுதி வரவும்.