நிஸ்வான் மதரஸா நடத்தப்போகும் மகளுக்கு



ஜமாஅத்தார் புது நிஸ்வான் (பெண்கள்) மதரஸாவை உன் பொறுப்பில் விடப்போவதாக உன் உம்மா போனில் சொன்னாள். மாஷா அல்லாஹ். சுற்றுச்சுவரை எவ்வளவு உயர்த்துவது, வேன் கண்ணாடிக்குத் திரை போடுவதா என்றுதான் கமிட்டியில் பேச்சு ஓடுகிறதாம். ஓடட்டும். அதற்குள் நீ பாடாங் பஞ்சாங் ஊர்க்கதையைக் கொஞ்சம் தெரிந்துகொள்.

இந்தோனேசியாவில், மேற்குச் சுமத்ராவின் மலைப்பக்கத்துச் சிற்றூர் அது. ரஹ்மா எல் யூனுஸிய்யா அங்கே 1900இல் பிறந்தார். அவருடைய அண்ணன் ஜைனுத்தீன் லபாய் 1915இல் தொடங்கிய தீனிய்யா பள்ளியில் ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் ஒரே வகுப்பில் ஓதினார்கள். அந்தக் காலத்துக்கு அதுவே பெரிய துணிச்சல். ரஹ்மாவும் அங்கேதான் படித்தார். ஆனால் ஹைளு (மாதவிலக்கு), நிஃபாஸ் (பிரசவத்துக்குப் பிந்திய உதிரம்) என்று பெண்களுக்கே உரிய சட்டங்கள் வரும்போது, ஆண்பிள்ளைகள் நடுவில், ஆண் ஆசிரியரிடம் யார் வாய் திறப்பார்கள்? தெரிந்தே ஆக வேண்டிய பாடம் கூச்சத்தில் போய்விடுகிறது. ரஹ்மா சும்மா இருக்கவில்லை. ஹாஜி அப்துல் கரீம் அம்ருல்லாஹ் என்ற பெரிய ஆலிமிடம் (எழுத்தாளர் ஹம்காவின் தந்தை அவர்) தனியாகப் போய் ஓதினார். பிறகு 1923 நவம்பர் 1ஆம் தேதி பெண்களுக்கென்றே தீனிய்யா புத்ரி பள்ளியைத் தொடங்கினார்.

தொடக்கத்தில் கட்டடம் கிடையாது. பாசார் உசாங் பள்ளிவாசலில் பெஞ்சும் மேசையும் இல்லாமல், தரையில் வட்டமாக உட்கார்ந்துதான் பாடம். முதலில் வந்த 71 பேரில் பெரும்பாலோர் கல்யாணமான இளம் பெண்கள். குர்ஆன், ஃபிக்ஹு, அரபு இலக்கணம் எல்லாம் ஓதிக் கொடுத்தது ரஹ்மா, ஒரு பெண். இந்த இடத்தைக் கவனி. நம் பக்கத்து நிஸ்வான்கள் பலவற்றில் ஹஜ்ரத் (ஆண் ஆசிரியர்) திரைக்கு அந்தப் பக்கம் இருந்து பாடம் நடத்துகிறார். திரை பார்வையை மறைக்கும், சரி. கேள்வி கேட்கும் துணிச்சலைத் தராது. ரஹ்மாவின் பள்ளி தனிப்பள்ளியானது பெண்களை ஒளித்து வைக்க அல்ல, அவர்கள் தாராளமாகக் கேள்வி கேட்க.

மறுவருடமே அண்ணன் மவுத்தானார். 1926 ஜூனில் வந்த நிலநடுக்கத்தில் பள்ளிக் கட்டடமும் விழுந்தது. மூங்கில் கொட்டகை போட்டு வகுப்பு நடந்தது. ரஹ்மா ஊர் ஊராகப் போய் நிதி திரட்டினார். அப்போது நாட்டை ஆண்ட டச்சு அரசின் மானியத்தை மட்டும் தொடவே மாட்டேன் என்றுவிட்டார். காசு கொடுக்கிறவன் பாடத்திட்டத்திலும் கை வைப்பான் என்பது அவர் கணக்கு. கமிட்டிக்குச் சந்தா கொடுக்கும் செல்வந்தர்களிடமும் இந்தக் கணக்கு உனக்கு உதவும், நாசூக்காக.

பாடத்தோடு அவர் நிறுத்தவில்லை. மருத்துவச்சி வேலையை டாக்டர்களிடம் முறையாகக் கற்றுச் சான்றிதழ் வாங்கினார். மாணவிகளுக்குத் தறியில் நெய்யவும் கற்றுக் கொடுத்தார், உடற்பயிற்சியும் வைத்தார். 1937இல் ஆசிரியைகளை உருவாக்கத் தனிப் பிரிவே திறந்தார். என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் பெரிய வேலை இதுதான். ஆசிரியைக்காக வெளியே கையேந்தி நிற்கும் பெண்கள் பள்ளி நாலு வருடம் தாங்காது.

எல்லாமே இனிப்பாக நடந்ததாக நினைக்காதே. அங்கே ஆசிரியையாக இருந்த ரசூனா சைத் அரசியலையும் பாடமாக வைக்க வேண்டும் என்றார். ரஹ்மா ஒத்துக்கொள்ளவில்லை. ரசூனா விலகிப் போனார், 1932இல் டச்சுக்காரரை எதிர்த்துப் பேசிச் சிறைக்கும் போனார். யார் பக்கம் நியாயம் என்று இன்றும் அடித்துச் சொல்ல முடியவில்லை. உன் மதரஸாவிலும் ஒரு ரசூனா வருவாள். வந்தால் அவள் வாயை அடைக்காதே.

1955இல் எகிப்தின் அல்அஸ்ஹர் தலைவர் அப்துர் ரஹ்மான் தாஜ் பாடாங் பஞ்சாங்குக்கு நேரில் வந்து பார்த்தார். ஆயிரம் ஆண்டு பழைய அல்அஸ்ஹர் பல்கலையில் அப்போது பெண்களுக்கென ஒரு பிரிவு இல்லை. இரண்டு வருடம் கழித்து ரஹ்மாவைக் கெய்ரோவுக்கு அழைத்து 'ஷெய்கா' பட்டம் கொடுத்தார்கள். 1961 சட்டத்துக்குப் பிறகு அல்அஸ்ஹரிலும் பெண்கள் பிரிவு வந்தது. 'பெண்ணுக்கு எதற்கு இவ்வளவு ஓதல்' என்று யாராவது இழுத்தால் இதைச் சொல். இன்னும் பழைய சான்று வேண்டுமென்றால் 11ஆம் நூற்றாண்டில் மக்காவில் ஸஹீஹுல் புகாரி ஹதீஸ் நூலை ஓதிக் கொடுத்த கரீமா அல்மர்வஸிய்யா இருக்கிறார். கதீப் அல்பக்தாதி போன்ற பெரிய அறிஞரே அவரிடம் வந்து ஓதியிருக்கிறார்.

இனி காரியத்துக்கு வருகிறேன். வங்கதேசத்தில் 1994இல் இடைநிலைப் பள்ளிப் பெண்பிள்ளைகளுக்கு அரசு உதவித்தொகை வந்தபோது, அரசு அங்கீகாரம் பெற்ற ஆலியா மதரஸாக்களுக்கும் அது பொருந்தியது. அதுவரை ஆண்பிள்ளைகள் மட்டும் ஓதிய இடங்களில் பெண்பிள்ளைகள் வந்து நிறைந்தார்கள். அங்கே தாகில் சான்றிதழ் பத்தாம் வகுப்புக்குச் சமம் என்பதால் மேலே காலேஜுக்கும் வழி உண்டு. நம் ஆலிமா பட்டத்தை வைத்துக்கொண்டு அரசு காலேஜில் விண்ணப்பப் படிவம்கூட நிரப்ப முடியாது. அதனால் பத்தாம் வகுப்பையும் பன்னிரண்டாம் வகுப்பையும் பிள்ளைகள் தனித்தேர்வராகவோ தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகவோ எழுத ஏற்பாடு செய். கணக்குக்கும் ஆங்கிலத்துக்கும் அஸர் தொழுகைக்குப் பிறகு ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதாது. காலை நேரத்தையே கேள். கமிட்டியில் இரண்டு பெண்களுக்கு இடமும், வந்து போகும் தாய்மார்களுக்கு வாரம் ஒரு வகுப்பும் சேர்த்துக் கேள். சுவர் விஷயத்தில் அவர்கள் சொன்னபடியே இருக்கட்டும் என்று விட்டுக்கொடு. அதை வைத்து மற்றதை வாங்கிவிடலாம்.

துஆவுடன்,
பெரியம்மா